60 பேருக்கு மட்டும் ஒரு மாஸ்டடான்: எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம்?

ஏரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

60 பேர் கொண்ட வாசகர் வட்டத்துக்கு மாஸ்டடான் (சொந்த சர்வரில் ஓட்டும், பிற சர்வர்களோடும் இணையும் சமூக வலைத்தள மென்பொருள்) நிறுவ வேண்டும். தேவை நான்குதான். உறுப்பினர் அல்லாதவர் கண்ணில் எதுவும் படக்கூடாது. இதே போன்ற இன்னொரு வட்டத்தின் சர்வரோடு மட்டும் இணைப்பு, வேறு யாரோடும் வேண்டாம். 500 எழுத்து போதாது, 3000 வேண்டும். அந்த இன்னொரு வட்டத்துக்குக்கூடப் போகாமல் எங்களுக்குள்ளேயே நிற்கும் பதிவுகளும் வேண்டும்.

கையில் இருப்பது 2 ஜிபி ரேம், 40 ஜிபி டிஸ்க் உள்ள வாடகை சர்வர். டெபியன், டாக்கர். மூலநிரலை ஃபோர்க் செய்து (சொந்தப் பிரதி எடுத்து) எல்லாவற்றையும் நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், ரூபி ஓரளவு தெரியும். எந்தக் கோப்பில் தொடங்குவது?

வேர்ப்பயனர்

எந்தக் கோப்பிலும் தொடங்காதீர்கள். முதல் இரண்டு தேவையும் கன்ஃபிக்கிலேயே (அமைப்புகளிலேயே) முடிந்துவிடும். மூன்றாவது ஒரு வரி. நான்காவதுக்கு மட்டும்தான் ஃபோர்க் பற்றிய பேச்சே வருகிறது, அதுவும் வேறொருவர் ஏற்கெனவே பராமரிக்கும் ஃபோர்க்.

என்வ் என்ற அமைப்புக் கோப்பில் 'லிமிட்டெட் ஃபெடரேஷன் மோட்' என்ற மாறியை ட்ரூ ஆக்குங்கள். பழைய பதிப்புகளில் இதற்கு 'ஒயிட்லிஸ்ட் மோட்' என்று பெயர், பழைய கட்டுரைகளைப் பார்த்துச் செய்தால் குழம்புவீர்கள். இதைப் போட்டதும் மூன்று விஷயம் நடக்கும்: அனுமதிப் பட்டியலில் இல்லாத எந்த டொமைனோடும் சர்வர் பேசாது, உள்நுழையாதவருக்குப் பொதுப் பக்கங்கள் திறக்காது, வெளி சர்வர் எதைக் கேட்டாலும் தன் டிஜிட்டல் சாவியால் கையொப்பமிட்டுத்தான் கேட்க வேண்டும். இந்தக் கையொப்பத்தைக் கட்டாயமாக்கும் 'ஆதரைஸ்ட் ஃபெட்ச்' என்பதைத் தனியாகப் போடத் தேவையில்லை, இதற்குள்ளேயே அடக்கம். பிறகு நிர்வாகப் பக்கத்தில் அந்த இன்னொரு வட்டத்தின் டொமைனைச் சேர்த்துவிட்டால் ஆயிற்று.

இதை நிறுவும் நாளிலேயே செய்யுங்கள். சில வாரம் திறந்து வைத்துவிட்டுப் பிறகு மூடினால், அதற்குள் வெளியே போன பதிவுகள் போனவைதான். உள்ளே வந்து தங்கிய வெளிக் கணக்குகளை மாஸ்டடானின் கட்டளைவரிக் கருவியான டூட்சிடிஎல்லின் டொமைன்ஸ் பர்ஜ் கட்டளையில் லிமிட்டெட் ஃபெடரேஷன் தேர்வைக் கொடுத்துத் துடைக்கலாம். வெளியே போனதைத் துடைக்க எந்தக் கட்டளையும் கிடையாது.

பதிவுசெய்வதை 'யாருக்கும் இல்லை' என்று வைத்து, அழைப்பு இணைப்பு மூலம் மட்டும் சேருங்கள். பதிவு மூடியிருந்தாலும் அழைப்பு இணைப்பு வேலை செய்யும். இங்கேதான் பலர் கோட்டை விடுவது: அடிப்படைப் பங்கு, அதாவது எல்லா உறுப்பினருக்கும் பொருந்தும் பங்கு, இயல்பாகவே அழைப்பு அனுப்பும் உரிமையோடு வருகிறது. அந்த டிக்கை எடுக்காவிட்டால் 60 பேரும் ஆளுக்கு ஓர் இணைப்பு உருவாக்கி வாட்ஸ்அப்பில் போடுவார்கள்.

டொமைன் பெயரை நன்றாக யோசித்து வையுங்கள். 'லோக்கல் டொமைன்' என்ற மதிப்பு ஒவ்வொரு கணக்கின் முகவரியிலும் பதிந்துவிடும். பிறகு மாற்ற வழியில்லை, புதிதாக நிறுவுவதுதான்.

பொதிகை

2 ஜிபி ரேமுக்கு மாஸ்டடானே வேண்டாம் என்பேன். பூமா (வலை சர்வர்), சைட்கிக் (பின்னணி வேலைகள்), ஸ்ட்ரீமிங் (புதியவற்றை உடனே காட்டுவது), போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்), ரெடிஸ் (தற்காலிகச் சேமிப்பு) என ஐந்து ப்ராசஸ். பூமாவின் ஒரு வொர்க்கரும் சைட்கிக்கும் ஆளுக்கு 300 முதல் 500 எம்பி தின்னும். 60 பேருக்கு இத்தனை இயந்திரமா?

மாஸ்டடானுக்கு மாற்றான கோடூசோஷியல் பாருங்கள். கோ மொழியில் எழுதியது, ஒரே பைனரி, ஒரே யாம்ல் கோப்பு, தரவுத்தளம் எஸ்க்யூலைட். சில நூறு எம்பி ரேமில் ஓடும். உங்கள் பட்டியலோடு வைத்துப் பாருங்கள்:

இன்ஸ்டன்ஸ் ஃபெடரேஷன் மோட் என்பதை 'அலவ்லிஸ்ட்' ஆக்கினால் இரண்டாவது தேவை முடிந்தது. எழுத்து வரம்பு இயல்பாகவே 5000, மாற்ற வேண்டுமானால் கன்ஃபிக்கில் ஓர் எண். உள்ளூர் மட்டும் பதிவு அதிலேயே உண்டு. பொதுக் காலவரிசையை வெளியாளுக்குக் காட்டும் தேர்வு இயல்பாகவே அணைந்திருக்கும்.

குறை ஒன்று பெரியது: எழுதவும் படிக்கவும் சொந்தமாக வலைப்பக்கம் கிடையாது. அமைப்புகள் பக்கமும், பொதுப் பதிவுகளைக் காட்டும் சுயவிவரப் பக்கமும் மட்டும்தான். உலாவியில் எல்க் அல்லது ஃபான்பி, ஆண்ட்ராய்டில் டஸ்கி, ஐபோனில் ஃபீடிடெக்ஸ்ட் என்று வெளியாப்பைத்தான் நம்ப வேண்டும்.

இன்னொன்று: எஸ்க்யூலைட் கோப்பை நெட்வொர்க் டிஸ்கில் வைக்காதீர்கள். பூட்டு சரியாக வேலை செய்யாமல் கோப்பு கெட்டுப்போகும். சர்வரின் சொந்த டிஸ்கில்தான் இருக்க வேண்டும்.

வேர்ப்பயனர்

பொதிகை சொல்வது சரி, ஆனால் அந்த 'உள்ளூர் மட்டும்' எளிதாகக் கைக்கு வராது. ஆப்கள் சர்வரோடு பேசும் ஏபிஐயில் இருக்கிறது. ஆப்பில் அந்தப் பொத்தான் இருந்தால்தானே உறுப்பினர் அழுத்துவார்? பொதுவான மாஸ்டடான் ஆப்களில் அது இருக்காது, ஏனென்றால் மாஸ்டடானிலேயே அந்த வசதி கிடையாது.

கிளிட்ச்-சாக் என்ற மாஸ்டடான் ஃபோர்க் இதை வேறு மாதிரி தீர்க்கிறது. பதிவின் கடைசியில் கண் இமோஜியைப் போட்டால் அது வெளியே போகாது. எந்த ஆப்பிலிருந்தும் போடலாம். வயதானவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கலாம்: 'கடைசியில் கண்ணு போடுங்க, வெளியே போகாது'. எழுத்து வரம்புக்கும் அதில் தனி என்வ் மாறி உண்டு. ஆக நான்கு தேவையும் நிரலைத் தொடாமலேயே முடிகிறது. தயார் டாக்கர் இமேஜும் (அப்படியே ஓட்டக்கூடிய தொகுப்பும்) வெளியிடுகிறார்கள்.

ரேமை 4 ஜிபி ஆக்குங்கள். முடியாவிட்டால் 2 ஜிபி ஸ்வாப் (ரேமுக்குத் துணையாக டிஸ்க் இடம்) சேர்த்து, பூமா வொர்க்கரை 1, த்ரெட் 5, சைட்கிக் த்ரெட் 5 என்று இறக்குங்கள். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் பக்கம் போகாதீர்கள், அது தனியாகவே ஜிபி கணக்கில் கேட்கும். அது இல்லாவிட்டால் பதிவின் உள்ளே உள்ள சொற்களைத் தேட முடியாது, கணக்குப் பெயரும் ஹேஷ்டேகும் மட்டும் கிடைக்கும். உறுப்பினர்களுக்கு ஹேஷ்டேக் போடப் பழக்கிவிடுங்கள்.

நடுநிசி_நிரல்

எழுத்து வரம்புக்காக மட்டும் யாராவது அசல் மாஸ்டடானிலேயே இருக்க விரும்பினால்: ஆப், வேலிடேட்டர்ஸ் கோப்புறையில் ஸ்டேட்டஸ் லெங்த் வேலிடேட்டர் என்ற கோப்பு. அதில் மேக்ஸ் கேர்ஸ் மாறிலி 500 என்று இருக்கும். 4.3க்குப் பிறகு எழுதும் பெட்டியும் இந்த எண்ணைச் சர்வரிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறது, முன்பு போல ஜாவாஸ்கிரிப்டில் தனியாகத் திருத்தத் தேவையில்லை.

திருத்திய கோப்பை டாக்கர் வால்யூமாக மேலே ஏற்றி மறைக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. வேண்டாம். மேம்படுத்தும்போது அசல் கோப்பு மாறியிருக்கும், உங்களுடையது பழையதாகவே உட்கார்ந்திருக்கும், பிழையும் சத்தமில்லாமல் வரும். அசல் இமேஜின் மேல் இரண்டு வரி டாக்கர்ஃபைல் எழுதி, எழுத்தைத் தேடி மாற்றும் செட் (sed) கட்டளையால் அந்த எண்ணை மட்டும் மாற்றுங்கள். மாற்ற வேண்டிய வரி கிடைக்காவிட்டால் பில்ட் தோற்கும்படி ஒரு கிரெப் (வரி தேடும் கட்டளை) சோதனையும் சேர்க்கவும். செட் மட்டும் இருந்தால் ஒன்றையும் மாற்றாமல் வெற்றி என்றே சொல்லும்.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு நல்ல செய்தி. மாஸ்டடான் யூனிகோடு புள்ளிகளை எண்ணுவதில்லை, கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகிறது. 'கி' உள்ளே இரண்டு புள்ளி, கணக்கில் ஒன்று. 'க்' என்பதும் ஒன்றே. ஆகவே தமிழில் 500 என்பது தோற்றத்தைவிடத் தாராளமானது. 3000 கேட்பதற்கு முன் 1500 வைத்துப் பாருங்கள்.

நீளப் பதிவு பக்கத்து வட்டத்தில் வெட்டுப்படுமோ என்று கேட்பவர்களுக்கு: வெட்டுப்படாது. வரம்பு எழுதும் இடத்தில்தான், பெறும் இடத்தில் இல்லை.

கைகாட்டி

எல்லோரும் 'மூடியது' என்ற சொல்லை எளிதாகப் பயன்படுத்துகிறீர்கள். எவை மூடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படங்கள். லிமிட்டெட் மோடில் இருந்தாலும், உறுப்பினர் மட்டும் பார்க்கும் பதிவில் போட்டாலும், படத்தின் நேரடி இணைப்பு யாரிடம் இருக்கிறதோ அவர் உள்நுழையாமலே பார்க்கலாம். இணைப்பு நீளமானது, ஊகிக்க முடியாது, அவ்வளவுதான் காவல். பக்கத்து சர்வர் படத்தை இறக்கும்போது கையொப்பம் இடுவதில்லை, ஆப்களும் படத்துக்கு டோக்கன் அனுப்புவதில்லை. அதனால் முன்னால் நிற்கும் வலை சர்வரான என்ஜின்எக்ஸில் கடவுச்சொல் போட்டு மூடினால் படம் எல்லோருக்கும்தான் உடையும்.

எஸ்3 வகை மேகச் சேமிப்பில் வைத்தால் இன்னும் கவனம். பக்கெட்டின் (அங்கே உங்கள் கோப்புகள் இருக்கும் தொட்டியின்) கோப்புப் பட்டியலை வெளியாள் எடுக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பட்டியல் திறந்திருந்தால் ஊகிக்க முடியாத பெயர் என்ற ஒரே காவலும் போயிற்று.

நேரடிச் செய்தி. முனைக்கு முனை மறையாக்கம் இல்லை. போஸ்ட்கிரெஸில் ஸ்டேட்டஸஸ் அட்டவணையில் வெறும் எழுத்தாகவே கிடக்கும், நிர்வாகி ஒரு வினவலில் படிக்கலாம். பக்கத்து வட்டத்தவருக்கு அனுப்பினால் அந்த நிர்வாகியும் படிக்கலாம். இதை வரவேற்புப் பக்கத்திலேயே எழுதிப் போடுங்கள்.

மின்னஞ்சல் அறிவிப்பு. பதிவின் வாசகம் அப்படியே மின்னஞ்சலில் போகிறது, நீங்கள் வைத்திருக்கும் எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும்) நிறுவனம் வழியாக.

நீக்கம். இங்கே அழித்தால் அங்கே ஒரு 'அழி' வேண்டுகோள் போகும். அந்தப் பக்கம் சர்வர் அன்று படுத்திருந்தால்? திருத்திய மென்பொருளாக இருந்தால்? வேண்டுகோள் வேண்டுகோள்தான்.

ஏரிக்கரை

அப்படியானால் முழுத் தளத்துக்கும் என்ஜின்எக்ஸில் பேசிக் ஆத் (உலாவியே கேட்கும் கடவுச்சொல்) போட்டுவிட்டால்?

கைகாட்டி

பக்கத்து வட்டத்தோடு இணைப்பு அன்றே செத்துவிடும். உங்கள் கையொப்பத்தைச் சரிபார்க்க அவர்கள் உங்கள் பொதுச் சாவியை எடுக்க வேண்டும். அவர்கள் சாவியை நீங்கள் எடுக்க வேண்டும். இரு பக்கமும் 'கையொப்பம் இல்லாமல் எதுவும் தரமாட்டேன்' என்றால் முதல் அடியே எடுக்க முடியாது. அதனால்தான் சர்வரின் சொந்தக் கணக்கு ஒன்றை மட்டும் மாஸ்டடான் கையொப்பம் கேட்காமல் திறந்து வைக்கிறது. பேசிக் ஆத் அதையும் மூடிவிடும். மொபைல் ஆப்களும் உள்ளே வராது.

உண்மையிலேயே மூட வேண்டுமானால் வயர்கார்ட் என்ற விபிஎன் வலைக்குள் இரண்டு சர்வரையும் உறுப்பினர் கருவிகளையும் வையுங்கள். அப்போது மாஸ்டடான் தனி ஐபி முகவரிகளுக்குப் பேச மறுக்கும், அது பாதுகாப்புக்காக வைத்த தடை. 'அலவ்ட் பிரைவேட் அட்ரஸஸ்' மாறியில் அந்த முகவரியைக் கொடுக்க வேண்டும். 60 பேர் போனிலும் வயர்கார்ட் போட்டுக்கொடுக்கப் பொறுமை இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

பொதிகை

இல்லை என்பதுதான் பதில் :)

வேர்ப்பயனர் கிளிட்ச்-சாக்கைப் பரிந்துரைத்தார், வெளியேறும் வழியைச் சொல்லவில்லை. 'உள்ளூர் மட்டும்' என்ற குறி தரவுத்தளத்தில் தனி நெடுவரிசை. நாளைக்கு அசல் மாஸ்டடானுக்குத் திரும்பினால் அந்த நெடுவரிசை என்னவென்றே அதற்குத் தெரியாது. கண் போட்ட பதிவெல்லாம் சாதாரணப் பொதுப் பதிவாகிவிடும். திரும்புவதற்கு முன் அவற்றை அழிக்க வேண்டும், அல்லது பின்தொடர்பவர் மட்டும் பார்க்கும்படி தரவுத்தளத்திலேயே மாற்ற வேண்டும்.

வேர்ப்பயனர்

ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அதை ஒருவழிப் பாதை என்று எண்ணியே ஏற வேண்டும்.

வண்டல்

எனக்கு இன்னும் புரியவில்லை. ஏரிக்கரைக்கு ரூபி தெரியும், சொந்த ஃபோர்க் வைத்துக்கொண்டால் என்ன கெட்டுப்போகும்? ஹோம்டவுன் என்ற மாஸ்டடான் ஃபோர்க்கும் ஒருவர் தன் சிறு வட்டத்துக்காகச் செய்ததுதானே.

நடுநிசி_நிரல்

கெட்டுப்போவது முதல் நாளில் தெரியாது, அவசரப் பாதுகாப்புத் திருத்தம் வரும் நாளில் தெரியும். 2023 ஜூலை 6 அன்று 4.1.3 வந்தது. தயாரித்து அனுப்பிய ஒரு மீடியா கோப்பால் சர்வரில் எந்த இடத்திலும் கோப்பு எழுதிவிடலாம் என்ற ஓட்டை. 2024 பிப்ரவரி 1 அன்று 4.2.5. வெளி சர்வர்க் கணக்கு எதுவாகவும் நடித்துவிடலாம் என்ற ஓட்டை. இரண்டிலும் அறிவிப்பு வந்த சில மணி நேரத்துக்குள் மேம்படுத்த வேண்டிய நிலை. உங்கள் ஃபோர்க்கில் 40 கோப்பு திருத்தியிருந்தால் அன்று இரவு மெர்ஜ் முரண்பாடு (புது நிரலும் உங்கள் திருத்தமும் மோதுவது) தீர்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு கோப்பில் ஒரு வரி என்றால் பத்து நிமிடம்.

ஹோம்டவுனைச் செய்தவர் டேரியஸ் காசெமி. சிறு சர்வர் நடத்துவது எப்படி என்று 2019ல் விரிவான கையேடே எழுதியவர், அதில் நிரலைவிட மனிதர்களைப் பற்றிய பகுதியே கூடுதல். ஹோம்டவுன் அசலை எத்தனை பதிப்பு பின்தங்கி வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

இன்னொன்று உரிமம். மாஸ்டடானுக்கு ஏஜிபிஎல் 3 என்ற திறமூல உரிமம். அமைப்பு மாற்றுவது, நிர்வாகப் பக்கத்தில் சிஎஸ்எஸ் போடுவது, சின்னம் மாற்றுவது, இதற்கெல்லாம் கடமை ஒன்றுமில்லை. நிரலைத் திருத்தினால், அந்தத் தளத்தைப் பயன்படுத்துவோருக்குத் திருத்திய மூலநிரலைத் தர வேண்டும். அந்த ஒரு வரி மாற்றத்துக்கும்கூட. 2021 அக்டோபரில் ட்ரம்ப் தரப்பின் ட்ரூத் சோஷியல் மாஸ்டடான் நிரலை எடுத்து மூலத்தைக் காட்டாமல் ஓட்டி மாட்டிக்கொண்டது, மாஸ்டடான் தரப்பு கடிதம் அனுப்பியபின் ஜிப் கோப்பாகப் போட்டார்கள். நீங்கள் ஒரு கிட் களஞ்சியத்தில் பேட்சை வைத்து, சோர்ஸ் பேஸ் யூஆர்எல் மாறியில் அந்த முகவரியைக் கொடுங்கள். அடிக்குறிப்பில் உள்ள மூலநிரல் இணைப்பு அங்கே போகும்.

வண்டல்

புரிந்தது. தமிழ் இடைமுகத்துக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே?

நடுநிசி_நிரல்

டிஃபால்ட் லோகேல் மாறியில் தமிழின் குறியைக் கொடுத்தால் போதும். மொழிபெயர்க்காத வாசகங்கள் ஆங்கிலத்தில் தெரியும். ஆனால் லோகேல் கோப்பை உங்கள் சர்வரில் திருத்தாதீர்கள், அது மறுபடியும் ஃபோர்க்தான். மாஸ்டடானின் மொழிபெயர்ப்பு கிரவுடின் என்ற தளத்தில் நடக்கிறது, அங்கேயே சேர்த்துவிட்டால் அடுத்த பதிப்பில் எல்லோருக்கும் வரும்.

ஏரிக்கரை

4 ஜிபிக்கு மாறி கிளிட்ச்-சாக் போட்டாயிற்று. எங்கள் பக்கம் அவர்கள் டொமைனைச் சேர்த்தேன், அவர்களும் சேர்த்ததாகச் சொல்கிறார்கள். அங்கிருந்து வரும் எதுவும் இங்கே விழவில்லை. என்ஜின்எக்ஸ் லாகில் இன்பாக்ஸுக்கு வரும் ஒவ்வொரு வேண்டுகோளும் 401.

கைகாட்டி

401 என்றது நல்லதாயிற்று. 403 என்றால் அனுமதிப் பட்டியலில் டொமைன் இல்லை, அல்லது முன்னால் நிற்கும் சிடிஎன்னின் பாட் தடுப்பு கடிக்கிறது. 401 என்றால் உள்ளே வந்து கையொப்பத்தில் தோற்கிறது. இரண்டு இடம் பாருங்கள்.

முதலில் கடிகாரம், இரு பக்கமும். மாஸ்டடான் சுமார் ஒரு மணி நேர வேறுபாடு வரைதான் பொறுக்கும். நம்மூர் நேரத்தைக் கையால் வைத்து மண்டலத்தை யூடிசி என்று விட்டிருந்தால் சர்வர் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் ஓடும். பார்க்கும்போது மணி சரியாகத்தான் தெரியும், அதனால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் க்ரோனி போட்டுவிடுங்கள்.

இரண்டாவது ஹோஸ்ட் தலைப்பு, அதாவது வேண்டுகோள் எந்தத் தளத்துக்கு என்று சொல்லும் வரி. கையொப்பத்துக்குள் ஹோஸ்ட் பெயரும் அடக்கம். வெளியே ஓர் என்ஜின்எக்ஸ், டாக்கருக்குள் இன்னொரு ப்ராக்ஸி (வேண்டுகோளைக் கடத்தும் சர்வர்) என்று இரண்டு அடுக்கு இருந்தால், நடுவில் உள்ளது ஹோஸ்டை உள் பெயராக மாற்றி அனுப்பிவிடும். இரண்டிலும் வந்த ஹோஸ்டை அப்படியே கடத்தச் சொல்லும் வரி இருக்க வேண்டும்.

அவர்களுடைய கணக்கு முகவரியின் டொமைனும் வலைத்தள டொமைனும் வேறு வேறு என்றால் பட்டியலில் இரண்டையும் சேருங்கள்.

ஏரிக்கரை

ஹோஸ்ட்தான். உள் ப்ராக்ஸியில் அந்த வரி இல்லை. சேர்த்ததும் வரத் தொடங்கிவிட்டது. இப்போது வேறொரு சிக்கல்: புதிதாகச் சேர்பவர்களின் முகப்பு வெறிச்சோடிக் கிடக்கிறது.

பொதிகை

அவர்கள் யாரையும் பின்தொடரவில்லை, அதனால்தான். நிர்வாகப் பக்கத்தில் 'புதியவர்களுக்கு எப்போதும் பரிந்துரைக்கும் கணக்குகள்' என்ற பெட்டியில் ஐந்தாறு பெயர் போடுங்கள். ஏற்கெனவே உள்ளவர்களுக்கு டூட்சிடிஎல் அக்கவுன்ட்ஸ் ஃபாலோ கட்டளையோடு ஒரு பயனர்பெயர் கொடுத்தால் உள்ளூர்க் கணக்கு எல்லாம் அவரைப் பின்தொடரும். அறிவிப்புக் கணக்கு ஒன்றுக்கு மட்டும் செய்யுங்கள், எல்லோருக்கும் செய்தால் எரிச்சலாகும். மற்றபடி உள்ளூர்க் காலவரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள், 60 பேருக்கு அதுவே திண்ணை.

வேர்ப்பயனர்

காப்பு எடுப்பதைச் சொல்லிவிடுகிறேன். தினமும் பிஜி டம்ப் (தரவுத்தளத்தின் நகல்), கஸ்டம் வடிவத்தில். வாரம் ஒருமுறை பப்ளிக் சிஸ்டம் கோப்புறை, அதில் கேஷ் துணைக்கோப்புறையை விட்டுவிடலாம். ரெடிஸ் போனாலும் முகப்புகளை ஃபீட்ஸ் பில்ட் கட்டளையால் மீண்டும் கட்டலாம். எது போகக்கூடாது என்றால் என்வ் கோப்பு. 4.3 முதல் ஆக்டிவ் ரெக்கார்ட் என்கிரிப்ஷன் சாவிகள் மூன்றும் அதில்தான் இருக்கின்றன. டம்ப் கையில் இருந்து சாவி இல்லையென்றால் இரட்டைச் சரிபார்ப்பு வைத்தவர்கள் உள்ளே வர முடியாது. டம்பையும் சாவியையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள், இரண்டையும் ஒரே டிஸ்கில் போட்டு அதைக் காப்பு என்று சொல்லாதீர்கள்.

டிஸ்குக்கு: டூட்சிடிஎல் மீடியா ரிமூவ், 7 நாள், க்ரானில் (நேரம் குறித்துத் தானாக ஓட்டும் கருவியில்). ஒரே ஒரு வெளி சர்வர் என்பதால் 40 ஜிபி உங்களுக்கு நெடுநாள் வரும்.

ஏரிக்கரை

நன்றி. கடைசியாக ஒன்று: மேம்படுத்தும்போது மைக்ரேஷனை (தரவுத்தள அமைப்பை மாற்றும் படியை) இரண்டாகப் பிரித்து, போஸ்ட் டிப்ளாய்மென்ட் பகுதியைப் பிறகு ஓட்டச் சொல்கிறது குறிப்பு. அவசியமா?

நடுநிசி_நிரல்

அது சேவை நிற்காமல் மேம்படுத்த விரும்பும் பெரிய சர்வர்களுக்கு. உங்களுக்கு: டம்ப் எடுங்கள், வெப், சைட்கிக், ஸ்ட்ரீமிங் மூன்றையும் நிறுத்துங்கள், புது இமேஜில் முழு மைக்ரேஷனை ஒரே தடவையில் ஓட்டுங்கள், எழுப்புங்கள். சைட்கிக்கை நிறுத்த மறக்காதீர்கள். பழைய நிரலோடு அது ஓடிக்கொண்டிருக்கும்போது அட்டவணை மாறினால் வரிசையில் உள்ள வேலைகள் பிழையாகிக் குவியும். நடுவில் பல பதிப்பு தாண்டுவதானால் ஒவ்வொரு பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பையும் படித்துவிட்டு ஓட்டுங்கள், கடைசிப் பதிப்பின் குறிப்பை மட்டுமல்ல.